குளிரில் உறையும் பிளாஸ்டிக் எண்ணெய்: ஊற்றுநிலை தாழ்த்தும் மருந்துகள் எந்த அளவுக்கு உதவும்?

மலையடிவாரன் | ஜனவரி 6, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். ஹரித்துவாரை ஒட்டிய தொழிற்பேட்டை ஒன்றில், பிளாஸ்டிக் கழிவைக் காற்றுப் புகாத ரியாக்டரில் சூடாக்கி எண்ணெய் எடுக்கும் சிறிய பைரோலிசிஸ் ஆலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். எங்களுக்கு வரும் கழிவில் பெரும்பகுதி பால் பாக்கெட் உறை, கேரி பை, எண்ணெய் கேன், ஷாம்பு பாட்டில் ஆகியவைதான். எண்ணெயைக் கொதிகலன் எரிபொருளாக விற்கிறோம்.

அக்டோபர் வரை எந்தத் தொல்லையும் இல்லை. டிசம்பர் பிறந்து, இரவு வெப்பநிலை ஐந்து டிகிரிக்கு இறங்கியதும், மாலையில் தண்ணீர்போல ஓடிய எண்ணெய் விடியற்காலையில் ட்ரம்முக்குள் நெய்யாக உறைந்துவிடுகிறது. ட்ரம்மைச் சாய்த்தாலும் அசைவதில்லை. பம்ப்புக்கு முன்னால் உள்ள ஃபில்டரில் வெள்ளைப் பசை அடைக்கிறது. ஆவியைக் குளிர்வித்து எண்ணெயாக்கும் கண்டென்சரின் வாயிலும் வெண்மையாக ஏதோ படிகிறது. வாங்குபவர் இரண்டு லாரி சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

தில்லியிலிருந்து வந்த வியாபாரி ஒருவர், ஊற்றுநிலையை, அதாவது எண்ணெய் ஓடக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலையை, இறக்குவதற்கென்று 'பி.பி.டி. என்னும் மருந்தை ஆயிரத்துக்கு ஒரு பங்கு கலந்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்று சொல்லி ஒரு கேனைக் கொடுத்துவிட்டுப் போனார். உறைந்த ட்ரம்மில் ஊற்றிக் கலக்கிப் பார்த்தேன். எந்த மாற்றமும் இல்லை. இந்த மருந்து உண்மையில் வேலை செய்யுமா, அல்லது எங்கள் எண்ணெய்க்கு ஒத்துவராதா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

கணக்கர்_திருச்சி | ஜனவரி 6, இரவு 10.25

மருந்துக்குச் செலவிடுவதைவிடப் பத்து, இருபது சதவீதம் மண்ணெண்ணெய் கலந்துவிடுவது எளிது என்று நினைக்கிறேன். குளிர் நாடுகளில் டீசலுக்கு அப்படித்தான் செய்கிறார்கள். அல்லது ட்ரம்முக்கு அடியில் சிறிது நேரம் தீ மூட்டினால் உருகிவிடும் அல்லவா?

மெழுகியல் | ஜனவரி 7, காலை 6.15

மற்ற எதையும் பேசுவதற்கு முன்னால் ஒன்றை அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன்: ட்ரம்முக்கு அடியில் தீ மூட்டவே கூடாது. பைரோலிசிஸ் எண்ணெயைப் பிரித்து வடிக்காமல் விட்டால், அதில் பெட்ரோலைப் போன்ற இலகுவான பகுதியும் கலந்தே இருக்கும். அத்தகைய எண்ணெயின் ஆவி சாதாரண அறை வெப்பநிலையிலேயே தீப்பற்றக்கூடியது. மேலே கட்டியாகத் தெரிவதால் உள்ளே ஆவி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். சூடாக்குவதானால் வெந்நீர்த் தொட்டியோ, நீராவிச் சுருளோ மட்டுமே. ட்ரம்மின் மூடியும் தளர்த்தப்பட்டிருக்க வேண்டும்.

சுத்திகரிப்பு ஆலை ஆய்வகம் ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகள் எரிபொருள் சோதனையில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். மலையடிவாரன் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

உங்கள் கழிவில் பெரும்பகுதி பாலிஎத்திலீன். அது கிளைகள் மிகக் குறைவாக உள்ள நீண்ட கார்பன் சங்கிலி. வெப்பத்தில் அறுபடும்போது கண்ட இடத்தில் அறுபடுகிறது. ஆகையால் கிடைக்கும் எண்ணெயிலும் நேர்சங்கிலித் துண்டுகளே மிகுந்திருக்கும். நேர்சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி உட்காருவதில் கெட்டிக்காரர்கள். பதினாறு கார்பன் உள்ள ஹெக்ஸாடெக்கேன் 18 டிகிரியில் உறையும். பதினெட்டு கார்பன் உள்ளது 28 டிகிரியில். இருபது கார்பன் உள்ளது 37 டிகிரியில். இருபத்துநான்கு கார்பன் உள்ளது 51 டிகிரியில். அதற்கும் மேற்பட்டவை உங்கள் எண்ணெயில் நிறையவே இருக்கும். இலகுவான பகுதியில் கரைந்திருப்பதனால்தான் இவை கோடையில் கண்ணுக்குத் தெரிவதில்லை. குளிர ஆரம்பித்ததும் நீளமானவை முதலில் பிரிந்து மெல்லிய தகடுகளாக வளர்கின்றன. தகடுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வலைபோல் நிற்கின்றன. திரவம் அந்த வலைக்குள் சிறைப்படுகிறது. எண்ணெய் முழுவதும் உறைந்துவிட்டதாகத் தோன்றினாலும் நூற்றில் ஓரிரு பங்கு மெழுகு பிரிந்தாலே அந்த வலை உருவாகப் போதும். மீதி எல்லாம் இன்னும் திரவமே.

மருந்து செய்வது அந்தத் தகட்டின் வடிவத்தை மாற்றுவது மட்டும்தான். அது மெழுகைக் கரைப்பதில்லை, குறைப்பதுமில்லை. எரிபொருள்களில் மிகவும் புழங்குவது இ.வி.ஏ., அதாவது எத்திலீன் வினைல் அசிட்டேட் கூட்டுப் பாலிமர். அதன் எத்திலீன் பகுதி மெழுகைப் போலவே இருப்பதால், வளரும் தகட்டின் ஓரத்தில் தானும் ஒரு மெழுகு மூலக்கூறு போலப் போய் அமர்ந்துகொள்கிறது. அதில் தொங்கும் அசிட்டேட் பகுதியோ அடுத்த மூலக்கூறு வந்து ஒட்ட இடம் கொடுப்பதில்லை. விளைவாகப் பெரிய தகடுகளுக்குப் பதிலாகச் சிறிய, திரண்ட படிகங்கள் உண்டாகின்றன. இவை கோத்துக்கொள்ளாமல் திரவத்தோடு சேர்ந்து ஓடும்.

இதிலிருந்தே உங்கள் முயற்சி ஏன் பலிக்கவில்லை என்பது விளங்கும். படிகம் பிறக்கும் நேரத்தில் மருந்து அங்கே இருக்க வேண்டும். உறைந்த பின் ஊற்றினால், கட்டி முடித்த சுவருக்குள் செங்கலை மாற்றி வைக்க முயல்வது போலாகும். எண்ணெய் முழுவதும் தெளிவாக இருக்கும் சூட்டில், உங்கள் எண்ணெய்க்கு அறுபது டிகிரியாவது வேண்டும், மருந்தைக் கலந்து சுற்றவிட்டு, அதன் பின்னரே குளிரவிட வேண்டும். இப்போதைக்கு அந்த மருந்தைக் குறை சொல்லவும் முடியாது, பாராட்டவும் முடியாது.

மண்ணெண்ணெய் பற்றி: அது மெழுகின் செறிவைக் குறைப்பதனால் உதவும் என்பது உண்மை. ஆனால் பத்து சதவீதம் சேர்த்தால் ஓரிரு டிகிரிதான் இறங்கும். உங்களுக்குத் தேவை இருபது டிகிரி. நீலச் சாயம் இட்ட ரேஷன் மண்ணெண்ணெயை இதற்குத் திருப்புவது குற்றம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கொதிகலன்_பானிபட் | ஜனவரி 7, பகல் 1.05

நான் வாங்கும் தரப்பைச் சேர்ந்தவன். பானிபட்டில் ஒரு சாயத் தொழிற்சாலையில் கொதிகலன் பார்க்கிறேன். போன குளிர்காலத்தில் மருந்து கலந்ததாகச் சொல்லி ஒருவர் இந்த எண்ணெயைக் கொடுத்தார். வந்த நாளில் நன்றாக ஓடியது. நான்கைந்து நாள் கழித்து அதே ட்ரம்கள் விடியற்காலையில் கல்லாகிவிட்டன. பகலில் வெயில் பட்டு இளகும், இரவில் முன்பைவிட மோசமாக இறுகும். மருந்து கலந்ததாகப் பொய் சொன்னார் என்றுதான் இதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். மெழுகியல் அம்மா, மருந்து நாள்பட்டால் வீரியம் இழந்துவிடுமா?

மெழுகியல் | ஜனவரி 7, மாலை 5.30

தம்பி, மருந்து கெடவில்லை. எண்ணெய் பட்ட சூட்டின் வரலாறுதான் காரணமாக இருக்க வேண்டும். வெயிலில் ட்ரம் முப்பது, முப்பத்தைந்து டிகிரிக்குப் போயிருக்கும். அந்தச் சூட்டில் சிறிய மெழுகு மட்டுமே கரையும். நீண்ட மெழுகுப் படிகங்கள் கரையாமல் மருந்தைத் தம்மோடு பிடித்து வைத்துக்கொள்ளும். அன்றிரவு சிறிய மெழுகு மறுபடியும் பிரியும்போது அதைத் தடுக்கத் திரவத்தில் மருந்து எஞ்சியிருக்காது. அரைகுறையாகச் சூடாக்குவது சூடாக்காமல் விடுவதைவிடக் கெடுதல் என்று எங்கள் ஆய்வகத்தில் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுப்போம். உங்களுக்கு வந்த சரக்கை முழுவதும் உருகும்வரை வெந்நீரில் வைத்து, பிறகு குளிரவிட்டிருந்தால் ஓட்டம் திரும்பியிருக்க வாய்ப்பு அதிகம்.

இதனால் மருந்து கலந்த எண்ணெயை விற்பவர், 'இதை இந்தச் சூட்டுக்குக் கீழே இளக்கிப் பயன்படுத்தாதீர்கள்' என்று எழுதிக் கொடுப்பது கடமை என்று நான் கருதுகிறேன். மருந்தின் பெயரைவிட அந்த ஒரு வரி வாங்குபவருக்கு முக்கியமானது.

குழாய்வழி | ஜனவரி 7, இரவு 8.50

அஸ்ஸாமில் கச்சா எண்ணெய்க் குழாய்ப் பணியில் சில ஆண்டுகள் இருந்தேன் என்பதால் ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். மேல் அஸ்ஸாம் எண்ணெயில் மெழுகு மிகுதி. 1960களில் துலியாஜானிலிருந்து பீகாரின் பரவுனி வரை 1,157 கி.மீ. குழாய் போட்டபோது, குளிர்காலத்தில் வழியிலேயே அது உறையாமலிருக்க மருந்தை நம்பவில்லை. எண்ணெயைத் தொண்ணூறு டிகிரிக்கு மேல் சூடாக்கி, அளந்த வேகத்தில் மெதுவாகக் குளிர்வித்து அனுப்பினார்கள். அந்தப் பக்குவத்தாலேயே ஊற்றுநிலை பல டிகிரி இறங்கியது. மருந்து கலப்பது பின்னாளில் வந்தது. இராஜஸ்தானின் பார்மேர் எண்ணெய் இன்னும் மோசம்; சாதாரண அறை வெப்பநிலையிலேயே உறைந்துவிடும் அது, வழிநெடுகச் சூடேற்றப்பட்ட குழாயில் குஜராத் கடற்கரைக்குப் போகிறது.

ஆகவே மலையடிவாரன் மருந்துக்குப் போவதற்கு முன் சூட்டுப் பக்குவத்தை மட்டும் முயன்று பார்க்கலாமே?

வினையூக்கி_மாணவி | ஜனவரி 8, காலை 11.20

குழாய்வழி ஐயா சொன்ன உதாரணம் அருமையானது. ஆனால் அது பிளாஸ்டிக் எண்ணெய்க்கு அப்படியே பொருந்தாது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கச்சா எண்ணெயில் இயற்கையாகவே அஸ்பால்டீன்கள், ரெசின்கள் என்னும் தார்போன்ற கனமான பொருள்கள் உண்டு. நன்றாகச் சூடாக்கும்போது அவை மெழுகிலிருந்து விடுபட்டு, குளிரும்போது படிகத்தின் வளர்ச்சியைத் தாமே தடுக்கின்றன. அதாவது துலியாஜானில் சூடு செய்தது, எண்ணெய்க்குள் ஏற்கெனவே இருந்த மருந்தை விழிக்க வைத்ததுதான். பிளாஸ்டிக்கிலிருந்து வரும் எண்ணெயில் அத்தகைய பொருள்கள் இல்லை. அதை எவ்வளவு பக்குவமாகச் சூடாக்கிக் குளிர்வித்தாலும் தடுப்பதற்கு ஆள் இல்லாததால், வெளியிலிருந்து ஒன்றைச் சேர்த்தே ஆக வேண்டியிருக்கிறது.

நான் பாலிமர் சிதைவு பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இன்னொரு வேறுபாடும் உண்டு. பெட்ரோலிய டீசலில் உள்ள மெழுகு பெரும்பாலும் நிறைவுற்ற பாரஃபின், அதாவது இரட்டைப் பிணைப்பு இல்லாத சங்கிலி. பாலிஎத்திலீன் எண்ணெயிலோ ஏறத்தாழ ஒவ்வொரு கார்பன் எண்ணிக்கையிலும் பாரஃபினோடு, சங்கிலி முனையில் இரட்டைப் பிணைப்பு கொண்ட ஒலிஃபீனும் இணையாக இருக்கும். இந்த ஒலிஃபீன்கள் உறையும் வெப்பநிலை குறைவு: ஹெக்ஸாடெக்கேன் 18 டிகிரியில் உறைந்தால், அதே பதினாறு கார்பன் உள்ள ஒன்-ஹெக்ஸாடெக்கீன் 4 டிகிரியில்தான் உறையும். இதனால் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. ஒலிஃபீன்கள் நாள்பட்டால் பிசினாகும் என்பதற்காக எண்ணெயை ஹைட்ரஜனேற்றம் செய்பவர்கள், அதாவது ஹைட்ரஜன் சேர்த்து அவற்றைப் பாரஃபினாக மாற்றுபவர்கள், அந்தப் படியின் முடிவில் எண்ணெய் முன்பைவிட எளிதாக உறைவதைக் காண்பார்கள். ஒரு நோயைத் தீர்க்கும் மருந்து மற்றொன்றை வளர்க்கிறது. ஹைட்ரஜனேற்றத்துக்குப் பின் நேர்சங்கிலியைக் கிளைச்சங்கிலியாக மாற்றும் வினையூக்கிகள் உண்டு, சாப்போ-11 என்னும் வகை மூலக்கூறு சல்லடையில் பிளாட்டினம் ஏற்றியது போல. ஆனால் அவற்றுக்கு உயர் அழுத்த ஹைட்ரஜன் வேண்டும். சிறு ஆலைக்கு எட்டாத தூரம்.

கணக்கர்_திருச்சி | ஜனவரி 8, பகல் 2.00

தீ மூட்டும் யோசனையைச் சொன்னதற்கு வருந்துகிறேன், திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். செலவைப் பற்றி ஒரு கேள்வி. ஆயிரத்துக்கு ஒரு பங்கு என்றால் இருநூறு லிட்டர் ட்ரம்முக்கு, எண்ணெயின் அடர்த்தி 0.8 என்று வைத்து, 160 கிராம் மருந்து. சூடாக்கும் எரிபொருளையும் சேர்த்தால் இது கட்டுப்படியாகுமா? பசை தயாரிப்பவர்கள் வாங்கும் இ.வி.ஏ. குருணை இதைவிட மலிவாகக் கிடைக்கிறது. அதையே கரைத்துப் பயன்படுத்தினால் என்ன? பழைய செருப்பு அடியில் இருப்பதும் இ.வி.ஏ. என்கிறார்களே?

மெழுகியல் | ஜனவரி 8, மாலை 6.45

நல்ல கேள்வி. சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் இங்கேதான் பணத்தை இழக்கிறார்கள்.

செருப்பு இ.வி.ஏ. ஆகாது. அது நுரையாக்கும்போது சங்கிலிகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்பு இடப்பட்டது. எவ்வளவு சூடான எண்ணெயிலும் ஊறிப் பெருகுமே தவிரக் கரையாது. பசைக்கான குருணையில் சில வகைகள் கரையும். அவற்றில் இரண்டைப் பார்க்க வேண்டும். ஒன்று, வினைல் அசிட்டேட்டின் பங்கு. மிகக் குறைந்தால் அது பாலிஎத்திலீன் போலவே நடந்துகொண்டு தானே முதலில் உறையும். மிகக் கூடினால் மெழுகோடு ஒட்டாது. நூற்றுக்கு இருபத்தெட்டுப் பங்கு அளவில் உள்ளவை மெழுகுக் கச்சா எண்ணெய்களில் அதிகம் சோதிக்கப்பட்டவை. இரண்டாவது, சங்கிலியின் நீளம். டீசலுக்கென்று தயாரிக்கப்படும் இ.வி.ஏ. மிகக் குட்டையான சங்கிலி. பசை வகை அதைவிடப் பல மடங்கு நீளம். நீளமானது கரைய மணிக்கணக்கில் ஆகும், சரியாகக் கரையாத துணுக்கு ஃபில்டரை அடைக்கும். கொதிகலன் எண்ணெய்க்குப் பரிசோதித்துப் பார்க்கலாம். இன்ஜினுக்குப் போகும் எண்ணெயில் கைவைக்க வேண்டாம்.

இ.வி.ஏ. ஒன்றே மருந்து என்றும் எண்ண வேண்டாம். ஆல்கைல் மெத்தாக்ரிலேட், ஆல்கைல் அக்ரிலேட் பாலிமர்கள், ஃபியூமரேட் எஸ்டரும் வினைல் அசிட்டேட்டும் சேர்ந்த கூட்டுப் பாலிமர்கள், மலேயிக் அன்ஹைட்ரைடு வகைகள் என்று பல உண்டு. இவற்றில் சீப்பின் பற்கள்போலப் பக்கச் சங்கிலிகள் தொங்கும். அந்தப் பல்லின் நீளம் எண்ணெயில் உள்ள மெழுகின் நீளத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பதே இதன் சூட்சுமம். மசகு எண்ணெய்க்கு ஏற்ற பன்னிரண்டு, பதினான்கு கார்பன் பல் உங்கள் எண்ணெயில் வீண். பதினெட்டு, இருபத்திரண்டு கார்பன் பல் உள்ள அக்ரிலேட்டுகளைக் கேட்டு வாங்க வேண்டும். உங்கள் எண்ணெயில் மெழுகின் நீளம் பரந்து கிடப்பதால், ஒன்றைவிட இரண்டு மருந்து கலந்தது நன்றாக வேலை செய்வதும் உண்டு.

கடைசியாக ஒன்று. மருந்தைக் கரைப்பானில் கரைத்துத்தான் விற்கிறார்கள். நீங்கள் வாங்கும் கேனில் உண்மையான பாலிமர் கால் பங்கோ பாதியோதான் இருக்கும். எனவே 'ஆயிரத்துக்கு ஒன்று' என்பது கேனைக் குறிக்கிறதா, பாலிமரைக் குறிக்கிறதா என்று கேளுங்கள். அந்தக் கேனும் குளிரில் கட்டியாகும். அதையும் வெதுவெதுப்பாக வைத்திருக்க வேண்டும்.

குழாய்வழி | ஜனவரி 8, இரவு 9.15

அஸ்பால்டீன் பற்றிய விளக்கத்துக்கு நன்றி, மகளே. அத்தனை ஆண்டுகள் அந்த எண்ணெயோடு இருந்தும் சூடுதான் வேலை செய்கிறது என்று நினைத்திருந்தேன்.

மலையடிவாரனிடம் ஒன்று கேட்க வேண்டும். கண்டென்சர் வாயில் வெண்மையாகப் படிகிறது என்றீர்கள். அந்த இடம் சூடாகத்தானே இருக்கும்? மெழுகு அங்கே எப்படி உறையும்?

வினையூக்கி_மாணவி | ஜனவரி 8, இரவு 10.05

ஐயா கேட்டது மிக முக்கியமான கேள்வி. அது மெழுகாக இல்லாமல் இருக்கலாம். கழிவோடு தண்ணீர் பாட்டில், அதாவது பெட் பிளாஸ்டிக், கலந்து வந்தால், அது சிதைந்து பென்சோயிக் அமிலமும் டெரிஃப்தாலிக் அமிலமும் ஆவியாக வெளிவரும். அவை கண்டென்சர் வாயில் திரவமாகாமல் நேரே தூளாகப் படியும். எந்த ஊற்றுநிலை மருந்தும் அதைத் தொடாது.

கண்டுபிடிப்பது எளிது. கையுறை அணிந்து சிறிதளவு சுரண்டி எடுத்து, எழுபது, எண்பது டிகிரி வெந்நீரில் போடுங்கள். மெழுகானால் உருகி எண்ணெய்த் துளியாக மேலே மிதக்கும். பென்சோயிக் அமிலம் 122 டிகிரியில்தான் உருகும் என்பதால் மிதக்காது. வெந்நீரில் ஓரளவு கரையும். சமையல் சோடா கரைத்த நீரில் போட்டால் நுரைத்துக் கரையும். கண்டென்சர் வாயிலிருந்தும் பம்ப் ஃபில்டரிலிருந்தும் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள்.

மலையடிவாரன் | ஜனவரி 10, இரவு 8.30

தாமதத்துக்கு மன்னிக்கவும். சொன்னபடி இரண்டையும் சோதித்தேன். ஃபில்டரில் இருந்தது முழுக்க மெழுகு. வெந்நீரில் உருகி மிதந்தது. கண்டென்சர் வாயில் இருந்தது பெரும்பாலும் தூள். சோடா நீரில் நுரைத்தது. ஒரே நோய் என்று நினைத்திருந்தேன், இரண்டு நோய்கள் இருந்திருக்கின்றன. பிரித்தெடுக்கும் பெண்களிடம் கேட்டேன். பண்டிகைக்குப் பிறகு வந்த மூட்டைகளில் தண்ணீர் பாட்டில் அதிகமாக இருந்தது என்றும், அவற்றை ஒதுக்க நேரம் தரப்படவில்லை என்றும் சொன்னார்கள். அது எங்கள் தவறு. இனிப் பாட்டிலைத் தனியே எடுத்துப் பிளாஸ்டிக் நூல் ஆலைக்காரர்களுக்கு விற்பதென்று முடிவு செய்திருக்கிறோம். அதற்கு அங்கே நல்ல விலையும் உண்டு.

இனி மெழுகுக்கு வருவோம். சோதனையை எப்படிச் செய்வது என்று சொல்லித் தர முடியுமா? எங்களிடம் ஆய்வகம் இல்லை.

மெழுகியல் | ஜனவரி 11, காலை 6.40

பிரித்தெடுக்கும் பெண்களிடம் கேட்டீர்கள் என்று படித்தபோது மனம் நிறைந்தது. ஆலையில் வேதியியலை முதலில் அறிபவர்கள் அவர்களே.

ஊற்றுநிலைச் சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். தட்டையான அடி கொண்ட கண்ணாடிக் குடுவை, நல்ல வெப்பமானி, பனிக்கட்டியும் கல்லுப்பும் கலந்த வாளி போதும். எண்ணெயை முழுவதும் தெளியும்வரை வெந்நீரில் சூடாக்கி, குடுவையில் ஊற்றி, ஆட்டாமல் மெதுவாகக் குளிரவிடுங்கள். ஒவ்வொரு மூன்று டிகிரிக்கும் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். குடுவையைப் படுக்கவைத்து ஐந்து விநாடி ஆகியும் எண்ணெய் அசையவில்லை என்றால், அந்த வெப்பநிலையோடு மூன்றைக் கூட்டிக் கொள்ளுங்கள். அதுவே ஊற்றுநிலை. அதற்கு வெகுமுன்பே எண்ணெய் மங்கலாவதைப் பார்ப்பீர்கள். அது மங்கல்நிலை, மெழுகு பிறக்கத் தொடங்கும் இடம். மருந்து மங்கல்நிலையைப் பெரிதாக மாற்றாது. மருந்திட்ட எண்ணெய் மங்கலாக இருக்கிறதே என்று கலங்க வேண்டாம். மங்கலோடு ஓடுவதே மருந்தின் வேலை.

ஃபில்டர் அடைப்பு என்பது மூன்றாவது அளவு. டீசலுக்கு இருபது மில்லிலிட்டரை 45 மைக்ரோமீட்டர் சல்லடை வழியே மென்மையாக உறிஞ்சி, அறுபது விநாடிக்குள் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். நம் நாட்டு டீசல் தரமான ஐ.எஸ். 1460 இவ்விரண்டுக்கும் எல்லை வைத்திருக்கிறது: நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஊற்றுநிலை 3 டிகிரியையும் ஃபில்டர் அடைப்புநிலை 6 டிகிரியையும் தாண்டக் கூடாது, மற்ற மாதங்களில் 15, 18. லடாக்குக்கென்று 2019 நவம்பரில் பானிபட் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து அனுப்பத் தொடங்கிய குளிர்கால டீசலின் ஊற்றுநிலை மைனஸ் 33 டிகிரி. உங்களுக்கு அது தேவையில்லை. ஆனால் ஹரித்துவாரின் ஜனவரி இரவுக்கு 3 டிகிரி என்னும் குறியை வைத்துக்கொள்வது நியாயமானது.

குறைந்தது ஐந்து குடுவை வையுங்கள். ஒன்றில் மருந்து இல்லாமல், மற்றவற்றில் அளவை மாற்றி மாற்றி. முக்கியமாக, ஒரு குடுவையில் உங்கள் எண்ணெயின் இலகுவான பாதியை மட்டும் எடுத்து அதில் மருந்திட்டுப் பாருங்கள்.

கொதிகலன்_பானிபட் | ஜனவரி 11, பகல் 12.30

வாங்குபவனாக ஒரு வேண்டுகோள். ஊற்றுநிலையை மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். சிறிய படிகங்கள் ஓடும் என்றாலும், நின்ற தொட்டியில் சில நாளில் அவை அடியில் படிந்துவிடுகின்றன. மேலே உள்ளது நன்றாக எரியும். அடிப்பகுதி பர்னர் நாசிலை அடைக்கும். கோளாறு எப்போதும் தொட்டியின் கடைசிக் கால்பகுதியில்தான் வருகிறது. படியாமல் மிதக்கவைக்கும் மருந்து தனியே உண்டா?

மெழுகியல் | ஜனவரி 11, மாலை 4.10

உண்டு. படிவைத் தடுக்கும் சிதறல் மருந்துகள் என்று தனி வகையே இருக்கிறது. நல்ல குளிர்கால டீசலில் இரண்டையும் சேர்த்தே இடுவார்கள். ஆனால் கொதிகலன் தொட்டிக்கு மாலையில் ஒரு மணி நேரம் சுற்றவிடும் பம்ப் அதைவிட மலிவு.

மலையடிவாரன் | ஜனவரி 19, இரவு 9.00

ஒரு வாரம் குடுவைகளோடு கழிந்தது. கண்டதை அப்படியே எழுதுகிறேன்.

மருந்தில்லாத எண்ணெய் 27 டிகிரியில் நின்றுவிட்டது. வியாபாரி தந்த இ.வி.ஏ. மருந்தை எழுபது டிகிரி சூட்டில் ஆயிரத்துக்கு ஒரு பங்கு இட்டதில் 18 டிகிரி வரை ஓடியது. இரட்டிப்பாக்கினேன், 15. மும்மடங்காக்கினேன், அதே 15. நீண்ட பல் உள்ள அக்ரிலேட் மாதிரி ஒன்றைக் கேட்டு வரவழைத்து, இரண்டையும் பாதிப்பாதியாக இட்டபோது 12 ஆனது. அதற்குக் கீழே எதைச் செய்தும் இறங்கவில்லை.

பிறகு அம்மா சொன்னபடி இலகுவான பகுதியை மட்டும் எடுப்பதற்காக, குளிர்ந்த நீரில் எண்ணெயை ஓரிரவு வைத்து, அடியில் திரண்ட மெழுகைத் துணியில் வடித்துவிட்டு, மேலே இருந்ததில் ஆயிரத்துக்கு அரைப் பங்கு மட்டும் மருந்திட்டேன். அது 3 டிகிரியிலும் அசைந்தது. என் கண்ணையே நம்ப முடியாமல் மூன்று முறை திரும்பச் செய்தேன்.

வினையூக்கி_மாணவி | ஜனவரி 19, இரவு 10.40

உங்கள் குறிப்பேடு ஒரு நல்ல ஆய்வுக் கட்டுரைக்கு ஒப்பானது. எண்கள் தேங்கியதன் பொருள் இதுதான்: மெழுகின் அளவு ஓர் எல்லையைத் தாண்டினால், படிகம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் நெரிசலில் எண்ணெய் நின்றுவிடும். அந்த இடத்தில் மருந்தைக் கூட்டுவது பணத்தைக் கரைப்பது. முதலில் நீளமான மெழுகைக் குறைக்க வேண்டும். மீதியை மருந்து பார்த்துக்கொள்ளும்.

துணியில் வடிப்பதை ஆலை அளவில் செய்ய முடியாது. அதற்கு ரியாக்டருக்கும் கண்டென்சருக்கும் இடையே ஒரு செங்குத்தான இடைக்குளிர்ப்பான் வைப்பது வழக்கம். அதன் மேல்முனைச் சூட்டைக் கட்டுப்படுத்தினால், கனமான ஆவி மட்டும் அங்கேயே திரவமாகி மறுபடி ரியாக்டருக்குள் வழிந்து, இன்னொரு முறை சிறிய துண்டுகளாக அறுபடும். எண்ணெயின் அளவு சற்றுக் குறையும், எரிவாயு கூடும், ஒவ்வொரு முறையும் ரியாக்டர் ஓடும் நேரம் நீளும். ஆனால் எரிவாயுவை நீங்கள் உலைக்கே எரிப்பதால் அது முழு இழப்பல்ல.

இன்னொரு வழி கழிவிலேயே இருக்கிறது. பாலிபுரொப்பிலீன், அதாவது சிமெண்ட் சாக்கு, பிளாஸ்டிக் நாற்காலி, பிஸ்கட் உறை போன்றவை, சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒரு கார்பனில் கிளை உள்ளது. அதன் எண்ணெயிலும் கிளைகள் நிலைத்திருப்பதால் அடுக்கி உறைவது கடினம். குளிர்கால மாதங்களில் பாலிபுரொப்பிலீனின் பங்கைக் கூட்டினால், ரூபாய் செலவில்லாத ஊற்றுநிலை மருந்து அதுவே.

குழாய்வழி | ஜனவரி 20, காலை 7.25

இதே ஊர்ப்பக்கம் டேராடூனில் உள்ள இந்தியப் பெட்ரோலிய நிறுவனத்தில், நாளொன்றுக்கு ஒரு டன் பிளாஸ்டிக்கிலிருந்து டீசல் எடுக்கும் ஆலையை 2019இல் தொடங்கினார்கள். ஒரு டன்னுக்கு 800 லிட்டர் என்று அறிவித்தார்கள். உங்களுக்கு ஓரிரு மணிப் பயணம்தான். மாதிரியைக் கொண்டுபோய் முறையாகச் சோதித்து வாருங்கள். துணியில் வடித்த மெழுகையும் எறிந்துவிட வேண்டாம். ரியாக்டருக்கே திரும்ப அனுப்பலாம்.

கணக்கர்_திருச்சி | ஜனவரி 20, பகல் 1.15

கணக்குப் போட்டேன். மருந்து மட்டும் மும்மடங்கு இட்டு ஓட்டுவதைவிட, இடைக்குளிர்ப்பானோடு அரைப் பங்கு மருந்து என்பது மருந்துச் செலவை ஆறில் ஒன்றாக்குகிறது. ட்ரம்முக்கு 480 கிராமுக்குப் பதில் 80 கிராம். இடைக்குளிர்ப்பானின் விலை தெரிந்தால், எத்தனை ட்ரம்மில் அது மீளும் என்று சொல்லிவிடுவேன்.

மலையடிவாரன் | பிப்ரவரி 2, இரவு 9.20

முதலாளி இடைக்குளிர்ப்பானுக்கு ஒப்புக்கொண்டார். வெல்டிங் வேலை நடக்கிறது. அதுவரை கழிவில் சாக்கு, நாற்காலியின் பங்கைப் பாதி அளவுக்கு உயர்த்தி, எண்ணெய் கண்டென்சரிலிருந்து சூடாக வரும்போதே இரண்டு மருந்தையும் சேர்த்து இட்டு அனுப்புகிறோம். ட்ரம்மின் மூடியில் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறோம்: 'இறுகினால் வெந்நீரில் 70 டிகிரிக்கு முழுவதும் உருக்கவும், வெயிலில் அரைகுறையாக இளக்க வேண்டாம், தீயருகே கொண்டுபோக வேண்டாம்.' இந்தியிலும் எழுதியிருக்கிறோம்.

நேற்றிரவு 6 டிகிரி. வெளியே வைத்த ட்ரம்மை இன்று காலை ஐந்தரை மணிக்குச் சாய்த்தேன். கஞ்சிபோல மெதுவாக, ஆனால் நிற்காமல் வந்தது. பானிபட் அண்ணனுக்கு நாளை நான்கு ட்ரம் மாதிரி வருகிறது. தொட்டியின் கடைசிக் கால்பகுதி எப்படி எரிகிறது என்று தயவுசெய்து எழுதுங்கள்.